அதிகச் சுமையும் ஓட்டுநரின் பொறுப்பும்: சேலம் வழியாக லாரி ஓட்டுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக வந்து நாமக்கல், கரூர் நோக்கிச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், சங்ககிரி, பவானி வழியாகக் கோவைக்கும் கொச்சிக்கும் போகும் 544ஆம் எண் சாலையும், ஆத்தூர் வழியாக உளுந்தூர்பேட்டைக்குப் போகும் 79ஆம் எண் சாலையும் சேலத்தில் வந்து சேர்கின்றன. மேட்டூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல், சங்ககிரி சிமெண்ட், உருக்காலையின் எஃகுச் சுருள், கல் உடைக்கும் கிரஷர்களின் ஜல்லி, எம்.சாண்ட் எனப்படும் செயற்கை மணல், ஆத்தூர், தலைவாசல் பக்கத்து மரவள்ளிக் கிழங்கு, சேகோ ஆலைகளின் ஜவ்வரிசி, ஏற்காட்டிலிருந்து இறங்கும் சில்வர் ஓக் மரம் என்று இந்த வட்டாரத்தில் ஏற்றப்படும் சரக்கில் பெரும்பகுதி, வண்டியின் கொள்ளளவு நிறைவதற்கு முன்பே எடை வரம்பைத் தொட்டுவிடக் கூடியது. ஓவர்லோடு வழக்குகள் இங்கே மிகுதியாகப் பேசப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சொந்தமாக வண்டி வைத்திராமல், பிறருடைய லாரியைச் சம்பளத்துக்கோ நடைக்கு இவ்வளவு என்ற கணக்கிலோ ஓட்டுகின்ற ஓட்டுநரை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. வாடகையைப் பேசுபவர் வேறொருவர், சுமையை ஏற்றுபவர் வேறொருவர், லாபம் போய்ச் சேருவது வேறோர் இடத்தில். ஆனால் சாலையில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லும்போது கீழே இறங்கிப் பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டுநர் ஒருவரே. அவருக்குப் பேரம் பேசும் வலிமை இருப்பது, வண்டி கிரஷர் வாசலையோ ஆலை வாசலையோ தாண்டுவதற்கு முன்பு மட்டுமே என்பதால், கீழே சொல்லப்படும் படிகளில் பெரும்பாலானவை அந்த வாசலுக்கு உள்ளே செய்து முடிக்க வேண்டியவை.

முதற்படி: சட்டம் யாரைக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுதல்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 113ஆம் பிரிவு எடை வரம்பைப் பற்றியது. பதிவுச் சான்றிதழில் குறிக்கப்பட்டிருக்கும் மொத்த எடையைத் தாண்டிய வண்டியை யாரும் ஓட்டக் கூடாது, ஓட்டச் செய்யக் கூடாது, ஓட்ட அனுமதிக்கவும் கூடாது என்று அது சொல்கிறது. தண்டனையைக் கூறும் 194ஆம் பிரிவும் இதே மூன்று வினைகளைத்தான் பயன்படுத்துகிறது. ஓட்டுபவர் என்ற சொல்லில் ஓட்டுநர் நேரடியாக அகப்படுகிறார். ஓட்டச் செய்தவர், அனுமதித்தவர் என்ற சொற்களில் உரிமையாளரும், சூழ்நிலையைப் பொறுத்து அப்படி ஏற்றி அனுப்ப ஏற்பாடு செய்தவரும் வரலாம். ஆகவே "முதலாளி சொன்னார், ஏற்றினேன்" என்பது உரிமையாளரையும் உள்ளே இழுக்கப் பயன்படுமே தவிர, ஓட்டுநரை வெளியே விடாது. லாரி ஸ்டாண்டுகளில் இன்றும் பலர் இதை மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் அபராதம் பெரிதும் உயர்ந்தது. அதற்கு முன்பு அடிப்படை அபராதம் 2,000 ரூபாயும், அதிகமான ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாயுமாக இருந்தது. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி அடிப்படை அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு அதிக டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிகச் சுமையை இறக்குவதற்கான செலவு தனி. சுமை வண்டியின் பக்கவாட்டிலோ, முன்னாலோ, பின்னாலோ, உயரத்திலோ அனுமதித்த அளவை மீறி நீண்டிருந்தால், எடை சரியாகவே இருந்தாலும் 20,000 ரூபாய் அபராதம் உண்டு. வைக்கோலும் தேங்காய் நாரும் ஏற்றுபவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி அது.

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு டன் மட்டுமே அதிகமானாலும் அபராதம் 22,000 ரூபாய். ஆறு டன் அதிகமானால் 32,000 ரூபாய். அதாவது சிறிய மீறலுக்குத்தான் விகிதப்படி பெரிய அபராதம். ஒரு டன்னுக்கு 800 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் கூடுதலாக ஏற்றியதால் கிடைக்கும் 800 ரூபாய்க்காக 22,000 ரூபாய் பணயம் வைக்கப்படுகிறது. "கொஞ்சம்தான் கூட, பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு மிக மோசமான கணக்கு என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

இரண்டாம் படி: ஆர்.சி.யை எண்களாகப் படித்தல்

ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழில் இரண்டு எண்களை ஓட்டுநர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஒன்று, சுமையுடன் கூடிய மொத்த எடை. மற்றொன்று, வெற்று வண்டியின் எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஏற்றக்கூடிய சரக்கின் அளவு கிடைக்கும். பத்துச் சக்கர டிப்பர் ஒன்றின் ஆர்.சி.யில் மொத்த எடை 28,000 கிலோ, வெற்று எடை 10,500 கிலோ என்று இருந்தால், ஏற்றக்கூடியது 17,500 கிலோ. வண்டி எவ்வளவு இழுக்கும், டயர் எவ்வளவு தாங்கும், ஸ்பிரிங் பட்டைகள் எத்தனை போட்டிருக்கின்றன என்பவையெல்லாம் பட்டறையில் பேச வேண்டிய செய்திகள். சட்டத்தின் முன் நிற்பது இந்த எண் ஒன்றே.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்புகளை உயர்த்தியது. அதன்படி இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் உயர்ந்தன. இதைக் கேள்விப்பட்ட பலர், பழைய வண்டிக்கும் அது தானாகவே பொருந்திவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். சோதனையில் அலுவலர் பார்ப்பது அந்தக் குறிப்பிட்ட வண்டியின் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எண்ணைத்தான். அங்கே 25,000 என்று இருந்தால் அந்த வண்டிக்கு வரம்பு 25,000 கிலோதான்.

பாடி கட்டும்போது செய்யப்படும் மாற்றங்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். டிப்பரின் பக்கத்தகடுகளை உயர்த்துவதும், கூடுதல் இரும்புச் சட்டங்களை வைத்துப் பற்றவைப்பதும் வெற்று எடையைக் கூட்டுகின்றன. ஏற்றும் இடமும் கூடுவதால் தவறு இரண்டு பக்கமும் வளர்கிறது. புதிய வண்டியை முதன்முதலாக எடுக்கும் ஓட்டுநர், ஒருமுறை வெறும் வண்டியை எடை மேடையில் ஏற்றி, கிடைக்கும் எடையை ஆர்.சி.யுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. மேடை காட்டும் வெற்று எடை ஆர்.சி.யைவிட 600 கிலோ கூடுதலாக இருந்தால், அந்த 600 கிலோவைச் சரக்கில்தான் குறைத்தாக வேண்டும்.

மூன்றாம் படி: சரக்கின் அளவை எடையாக மாற்றுதல்

பெரும்பாலான தவறுகள் நடக்குமிடம் இது. காரணம், நம் வட்டாரத்தில் சரக்கு எடையால் பேசப்படுவதில்லை. எம்.சாண்டும் ஜல்லியும் யூனிட் கணக்கில் பேசப்படுகின்றன, ஜவ்வரிசி மூட்டைக் கணக்கில், மரம் கன அடிக் கணக்கில், கிழங்கு "ஒரு வண்டி" என்ற கணக்கில். சட்டம் கேட்பதோ கிலோ.

ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது ஏறத்தாழ 2.83 கன மீட்டர். காய்ந்த எம்.சாண்ட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.6 முதல் 1.7 டன் வரை எடையிருக்கும் என்று கொண்டால், ஒரு யூனிட் 4.5 டன்னிலிருந்து 4.8 டன் வரை வரும். மேலே சொன்ன டிப்பரின் 17.5 டன் வரம்புக்குள் மூன்றரை யூனிட் அடங்கும். நான்கு யூனிட் ஏற்றினாலே 18 டன்னைத் தொட்டு வரம்பு மீறிவிடும். ஆறு யூனிட் ஏற்றினால் சரக்கு மட்டும் 27 டன்னுக்குக் குறையாது. ஏறத்தாழ பத்து டன் அதிகம் என்றாகிவிட்டால் அபராதம் 40,000 ரூபாய், இறக்கும் செலவு தனி.

இந்தக் கணக்கு காய்ந்த மணலுக்கு. கழுவிய எம்.சாண்ட் கிரஷரிலிருந்து ஈரத்தோடுதான் வரும். அப்போது டெயில்போர்டு இடுக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டே வருவதைப் பின்னால் வரும் வண்டிக்காரர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். அந்தத் தண்ணீரும் எடை மேடையில் எடைதான். மழைக்காலத்தில் அரை யூனிட் குறைத்து ஏற்றச் சொல்வது வீண் பயமாகாது.

ஜவ்வரிசி நேர்மையான சரக்கு. மூட்டை 90 கிலோ என்றால் கணக்குப் போடுவது எளிது. மொத்த எடை 28,000 கிலோவும் வெற்று எடை 9,500 கிலோவும் உள்ள திறந்த லாரியில் 18,500 கிலோ ஏற்றலாம். 200 மூட்டை ஏற்றினால் 18,000 கிலோ, வரம்புக்குள் இருக்கிறது. "இன்னும் ஒரு பத்து மூட்டை மட்டும்" என்று லோடுமேன்கள் மேலே அடுக்கினால் 18,900 கிலோ, வரம்பு மீறிவிட்டது. டீசல் டேங்கில் 300 லிட்டர் இருந்தால் அதுவே சுமார் 250 கிலோ. தார்ப்பாய், கயிறு, மாற்று டயர், ஸ்டவ், அரிசி, ஓட்டுநர், கிளீனர் என எல்லாமே மேடையில் எடை காட்டும். வரம்பின் விளிம்புவரை சரக்கை நிரப்பாமல் சில நூறு கிலோ இடம் விட்டு ஏற்றுவதற்குக் காரணம் இதுவே.

எஃகுச் சுருளில் வேறொரு சிக்கல் இருக்கிறது. பல டன் எடையுள்ள ஒரே சுருள் பாடியின் ஓரிடத்தில் உட்காருவதால், மொத்த எடை சரியாக இருந்தும் ஓர் அச்சின் மீது மட்டும் அளவுக்கு மீறிய பாரம் விழக்கூடும். சுருள் எங்கே உட்கார வேண்டும், கீழே எப்படி மரக்கட்டை கொடுக்க வேண்டும், சங்கிலி எப்படி இழுக்க வேண்டும் என்பதை ஏற்றுமிடத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். மரவள்ளிக் கிழங்கில் மண்ணும் ஈரமும் சேர்ந்துவருவதையும், புதிதாக வெட்டிய மரம் காய்ந்த மரத்தைவிடக் கனமாக இருப்பதையும் கணக்கில் கொள்வது அவசியம். இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காடு மலைப்பாதையில் பச்சை மரத்தைக் குவித்து ஏற்றிக்கொண்டு இறங்குபவருக்கு, அபராதத்துக்கு முன்பே வேறு கவலைகள் காத்திருக்கின்றன.

நான்காம் படி: எடை மேடையில் செய்ய வேண்டியவை

ஏற்றுவதற்கு முன் வெறும் வண்டியையும், ஏற்றிய பின் சுமை வண்டியையும் ஒரே மேடையில் எடை போட வேண்டும். மேடையில் ஏறுவதற்கு முன் திரையில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பதும், எல்லாச் சக்கரங்களும் மேடைக்குள் வந்துவிட்டனவா என்று இறங்கிச் சுற்றிப் பார்ப்பதும் சில நிமிட வேலை. பின்சக்கரம் ஒன்று மேடையின் விளிம்பில் பாதி நின்றால் சீட்டில் விழும் எண் பொய்யாகிவிடும். அந்தப் பொய் ஏற்றுபவருக்கு வசதியாக இருக்கலாம், ஆனால் அடுத்த மேடையில் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் ஓட்டுநர்.

சீட்டில் வண்டி எண், தேதி, நேரம், வெற்று எடை, மொத்த எடை, சரக்கின் நிகர எடை ஆகிய ஆறும் இருக்க வேண்டும். வெற்று எடை என்ற இடத்தில் பழைய நடையின் எண்ணையோ கையால் எழுதிய எண்ணையோ போட்டிருந்தால் மறுபடியும் எடை போடச் சொல்லலாம். சீட்டைக் கையில் வாங்கியவுடன் அதைக் கைப்பேசியில் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிட வேண்டும். எடை மேடைச் சீட்டுகளின் மை வெயில் பட்டால் மங்கிப்போகும். டேஷ்போர்டில் வைத்த சீட்டு ஒரு மாதம் கழித்து வெறும் தாளாகியிருக்கும்.

கனிமச் சரக்காக இருந்தால் குவாரியிலோ கிரஷரிலோ தரும் நடைச்சீட்டில் எழுதியிருக்கும் அளவும், எடை மேடைச் சீட்டின் அளவும் ஒத்துப்போக வேண்டும். நடைச்சீட்டில் மூன்று யூனிட் என்று எழுதி வண்டியில் ஆறு யூனிட் கொட்டப்பட்டிருந்தால், எடை மீறல் என்ற ஒரு குற்றம் கனிமவளச் சட்டத்தின் கீழும் இன்னொரு குற்றமாக வளரும். அதில் வண்டி பறிமுதல் வரை செல்ல இடமுண்டு. சீட்டில் எழுதிய அளவைத் தானே படித்துப் பார்க்காமல் பாக்கெட்டில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: மறுப்பதை எழுத்தில் மறுத்தல்

எடை கூடுதலாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஓட்டுநர் என்ன செய்வது என்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. வேலை போய்விடும் என்ற அச்சம் கற்பனையானதன்று. நடைக்கணக்கில் ஓட்டுபவருக்கு அடுத்த நடை கிடைக்குமா என்பதே சந்தேகமாகிவிடும். ஆகவே, சண்டையிட்டு வண்டியை விட்டு இறங்குங்கள் என்று சொல்வது உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதுபவருக்கு மட்டுமே எளிது. செய்யக்கூடியது, முடிவை எடுக்கும் பொறுப்பை முடிவெடுக்க வேண்டியவரின் கையிலேயே, தடயத்தோடு, வைத்துவிடுவது. தொலைபேசியில் பேசினால் தடயம் இராது. வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போதும்:

"அண்ணா, வணக்கம்ங்க. கிரஷர்ல ஆறு யூனிட் கொட்டறேங்கறாங்க. ஆர்.சி.ப்படி நம்ம வண்டிக்கு நாலு யூனிட்டே தாங்காதுங்க. மூணரையோட நிறுத்தச் சொல்லட்டுங்களா? புடிச்சா பத்து டன்னுக்கு மேல எழுதுவாங்க, நாப்பதாயிரம் ஆயிடும்ங்க. என்ன செய்யறதுன்னு மெசேஜ்லயே சொல்லிடுங்கண்ணா."

மரியாதை குறையாமல், எண்ணைச் சொல்லி, பதிலை எழுத்தில் கேட்கும் இந்தச் செய்திக்கு "சரி, மூணரை போதும்" என்று பதில் வருவதற்கு வாய்ப்பு அதிகம். ஏனெனில் "ஆறே ஏத்து" என்று எழுதி அனுப்ப எந்த உரிமையாளரும் இருமுறை யோசிப்பார். அப்படியே எழுதி அனுப்பினாலும், ஓட்டச் செய்தவர் யார் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. அது ஓட்டுநரை அபராதத்திலிருந்து விடுவிக்காது. அபராதத்தை யார் கட்டுவது என்ற பேச்சில் அவருக்குக் கைகொடுக்கும்.

புக்கிங் ஆபீஸ் வழியாக வரும் சரக்கென்றால் இன்னொரு பிடி இருக்கிறது. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்து குறித்த 2007ஆம் ஆண்டுச் சட்டம், பதிவுபெற்ற சரக்குப் போக்குவரத்து நிறுவனம் வண்டியின் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையை மீறி ஏற்றக் கூடாது என்று அந்த நிறுவனத்தின் மீதே கடமையை வைக்கிறது. சரக்கு ரசீதான எல்.ஆர்.இல் எழுதும் எடையும் உண்மையான எடையும் வேறுபட்டால் அதைச் சுட்டிக்காட்டி, சரியான எடையை எழுதித் தரும்படி கேட்க ஓட்டுநருக்கு நியாயம் உண்டு.

அபராதம் வந்தால் யார் கட்டுவது, இறக்கும் கூலி யாருடையது, வண்டி நிற்கும் நாட்களுக்குப் பேட்டா உண்டா என்ற மூன்றையும் வேலையில் சேரும் நாளிலேயே பேசிவிடுவது நல்லது. பேசாமல் விட்டால், பேட்டாவில் பிடித்துக்கொள்வது என்ற வழக்கமே எழுதாத விதியாக வந்து உட்காரும்.

ஆறாம் படி: சாலையில் நிறுத்தினால்

பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரோ, மாநில அரசு அதிகாரம் அளித்த வேறு அலுவலரோ வண்டியில் அதிகச் சுமை இருப்பதாகக் கருதினால் எடை போடச் சொல்லலாம். 114ஆம் பிரிவின்படி, வண்டி செல்லும் வழியில் எந்த இடத்திலிருந்தும் 10 கிலோமீட்டருக்குள்ளோ, சேருமிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்ளோ இருக்கும் எடை மேடைக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்ல அவருக்கு அதிகாரம் இருக்கிறது. எடை போட மறுப்பதும், மேடைக்குப் போகும் வழியில் டிப்பரைத் தூக்கிச் சுமையைக் கொட்டிவிடுவதும் தனிக் குற்றங்கள். அவற்றுக்கு 40,000 ரூபாய் அபராதம். பத்து டன் அதிகமாக ஏற்றியதற்கு வரும் அபராதமும் அதேதான் என்பதை எண்ணிப் பார்த்தால், இரவில் புறவழிச்சாலை ஓரத்தில் ஜல்லியைக் கொட்டிவிட்டு ஓடுவது எவ்வளவு பயனற்ற தந்திரம் என்பது விளங்கும்.

எடை போட்ட பிறகு அதன் சீட்டின் பிரதியைக் கேட்டு வாங்க வேண்டும். அது ஓட்டுநரிடம் ஏற்கெனவே உள்ள சீட்டுடன் ஒத்துப்போகவில்லை என்றால், அந்த வேறுபாட்டை அங்கேயே அமைதியாகச் சுட்டிக்காட்டிப் பதிவு செய்யச் சொல்லலாம். அதிகச் சுமை உறுதியானால் அலுவலர் அதை இறக்கும்படி எழுத்தில் உத்தரவிடுவார். எடை குறையும்வரை வண்டி அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. அந்த விவரம் பெர்மிட்டிலும் குறிக்கப்பட்டு, பெர்மிட் வழங்கிய அலுவலகத்துக்கும் தெரிவிக்கப்படும். உரிமையாளர்கள் அபராதத்தைவிட இந்தக் குறிப்புக்கே அதிகம் அஞ்சுகிறார்கள்.

"அபராதம் கட்டியாயிற்றே, இப்படியே போய்விடலாமா?" என்ற கேள்விக்கு 2005ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் பரம்ஜித் பாசின் வழக்கில் விடை சொல்லிவிட்டது: அபராதம் செலுத்துவது அதிகச் சுமையோடு பயணத்தைத் தொடர்வதற்கான அனுமதியாகாது. சுங்கச்சாவடியில் எடைக்காக வாங்கும் கூடுதல் கட்டணமும் அதைப் போன்றதே. ஓமலூரில் கட்டினேன், வைகுந்தத்தில் கட்டினேன் என்று ரசீதைக் காட்டுவதால் மோட்டார் வாகனச் சட்டத்தின் பொறுப்பு தீராது. மாமூலைப் பற்றி ஒன்று மட்டும்: அதற்கு ரசீது கிடையாது, அடுத்த சோதனையில் அது செல்லாது, கொடுத்த பிறகும் சுமை அச்சின் மேலேயே இருக்கும்.

சுமையை இறக்குவது ஓட்டுநரின் சொந்தப் பொறுப்பில் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. இறக்கிய சரக்கு மழையில் நனைந்தாலோ களவுபோனாலோ அதற்கு அரசு பொறுப்பேற்காது. ஆகவே சாலையோரத்தில் கொட்டாமல், உரிமையாளரிடம் சொல்லி இன்னொரு வண்டியை வரவழைத்து மாற்றி ஏற்றுவதே சரி. அப்போது சரக்குக்கான மின்னணு ஆவணமான இ-வே பில்லில் புதிய வண்டியின் எண்ணைச் சேர்க்க வேண்டும். சரக்கை இரண்டு வண்டிகளாகப் பிரிப்பதற்கும் இ-வே பில் இணையதளத்தில் வழி இருக்கிறது. கனிமச் சரக்கென்றால் இரண்டாவது வண்டிக்கும் உரிய சீட்டு இல்லாமல் அதை நகர்த்தக் கூடாது. இந்த வேலைகளைக் கணக்கர் ஒருவர் அலுவலகத்திலிருந்தே செய்ய முடியும். ஓட்டுநர் செய்ய வேண்டியது, எத்தனை மூட்டை அல்லது எவ்வளவு எடை எந்த வண்டிக்கு மாறியது என்று எழுதி, இரண்டாவது வண்டியின் ஓட்டுநரிடம் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்வது.

ஏழாம் படி: தொப்பூரை மனத்தில் வைத்தல்

தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் சுமை வண்டிக்குத் தொப்பூர் கணவாய் இறக்கம். பிரேக் பிடிக்காமல் முன்னே செல்லும் வண்டிகளின் மீது லாரி மோதிய செய்திகளை அந்த இறக்கத்தைப் பற்றி நாம் மீண்டும் மீண்டும் படித்திருக்கிறோம். இறக்கத்தில் வண்டியின் எடை கூடக் கூட, வேகத்தை அடக்குவதற்காகப் பிரேக் டிரம் உள்வாங்க வேண்டிய வெப்பமும் அதே விகிதத்தில் கூடுகிறது. 28 டன்னுக்கு வடிவமைத்த பிரேக்கின் மீது 38 டன்னை ஏற்றினால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெப்பம் கூடுகிறது. டிரம் சூடேறிய பிறகு மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு குறையும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்குபவர் எஞ்சினின் பிடிமானத்தையும் இழந்துவிடுகிறார். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கீழ் கியருக்கு வந்து, எஞ்சின் புகையை அடக்கி வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பயன்படுத்தி, மிதியை விட்டுவிட்டுப் பிடிப்பது முறை. ஆனால் அந்த முறையும் வண்டியின் உண்மையான எடை அதன் வரம்புக்குள் இருக்கும்போதுதான் முழுப் பலனைத் தரும்.

உயிரிழப்பு ஏற்பட்டால் பேச்சு அபராதத்தோடு நிற்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனையை வைத்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது இரண்டாண்டாக இருந்தது. வண்டியில் அளவுக்கு மீறிய சுமை இருந்தது என்பது அத்தகைய வழக்கில் கவனக்குறைவுக்கான சான்றாக முன்வைக்கப்படும். வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கான காப்பீட்டுத் தொகையையும் அதே காரணத்தைக் காட்டி நிறுவனம் குறைக்கவோ மறுக்கவோ முயலலாம். காப்பீட்டுப் பேச்சு உரிமையாளருடையது. குற்ற வழக்கில் முதல் பெயர் ஓட்டுநருடையது.

சாலைக்கு ஏற்படும் சேதத்தையும் சொல்லாமல் விட முடியாது. அச்சின் மீதுள்ள பாரம் 20 சதவீதம் கூடினால், சாலை தேய்வது ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்பது நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கணக்கு. கிரஷர்களுக்குப் போகும் கிராமச் சாலைகளின் நிலையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை.

எட்டாம் படி: அபராதத்தையும் உரிமத்தையும் கையாளுதல்

சோதனை அறிக்கை அல்லது இ-சலான் கையில் வந்தவுடன் அதில் வண்டி எண், ஓட்டுநர் உரிம எண், எடை, அதிக எடை, பிரிவு எண் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு, மாநில அரசு அரசிதழில் அறிவித்துள்ள இணக்கக் கட்டணத்தை அதற்கு அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ இணையவழியிலோ செலுத்தி முடித்துக்கொள்ளலாம். எடை தவறு என்றோ வண்டி தன்னுடையதன்று என்றோ வாதம் இருந்தால் நீதிமன்றத்தில் சொல்லலாம். எடை மேடைச் சீட்டைப் படமெடுத்து வைத்திருப்பவருக்கே இரண்டாவது வழி பயனுள்ளது. எந்த வழியானாலும் ரசீது இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது.

உரிமம் குறித்த ஆபத்தைப் பலர் அறிவதில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 21ஆம் விதி, பொதுமக்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ விளைவிக்கும் செயல்களைப் பட்டியலிடுகிறது; சரக்கு வாகனத்தில் அதிகச் சுமை ஏற்றுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதன் அடிப்படையில் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க முடியும். சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015இல், அதிகச் சுமை உள்ளிட்ட சில குற்றங்களுக்கு உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. முதலாளி அபராதத்தைக் கட்டிவிட்டாலும் இந்த மூன்று மாதத்தை அவர் கட்ட முடியாது.

உரிமம் வழங்கிய அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் அதைப் புறக்கணிக்கக் கூடாது. உத்தரவு போடும் முன் ஓட்டுநரின் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது சட்டம் தரும் பாதுகாப்பு. எடை மேடைச் சீட்டு, உரிமையாளருக்கு அனுப்பிய செய்தி, அவர் தந்த பதில் ஆகியவற்றை அச்சிட்டு அந்த விளக்கத்தோடு இணைக்கலாம். உத்தரவு வந்துவிட்டால், அதைப் பெற்ற நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முகவரி மாறியவர்கள் உரிமத்திலும் அதை மாற்றிவைத்திருக்க வேண்டும். பழைய வீட்டுக்குப் போன கடிதத்துக்காக அந்த 30 நாள் வீணாகக் கூடாது.

ஒரு வண்டியை விட்டு வேறு வண்டிக்கு மாறும்போது, இ-சலான் தளத்தில் பழைய வண்டியின் எண்ணையும் தன்னுடைய உரிம எண்ணையும் கொடுத்து நிலுவை ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. தன் பெயரில் தீராத சலான் இருந்தால், உரிமையாளரிடம் கணக்கு முடித்துச் சம்பளம் வாங்கும் அந்த நாளிலேயே அதைத் தீர்த்துத் தரும்படி கேட்டு, ரசீதின் பிரதியை வாங்கிக்கொள்ள வேண்டும். உரிமம் புதுப்பிக்கும் சமயத்தில் அதைத் தேடி அலைவது கடினம்.